யூடியூப் சேனலுக்கும் ‘பட்டா’ முக்கியம்!

‘‘எங்களுக்கு மூன்று ஏக்கர் நிலம் இருக்கிறது. நெல் திருவிழாவில் இரண்டு கிலோ மாப்பிள்ளைச் சம்பா விதை வாங்கி, அடுத்த வருஷம் நாலு கிலோவாகத் திருப்பிக் கொடுத்து, அப்படியே பாரம்பர்ய நெல்லுக்கு மாறிய குடும்பம். இப்போது அரிசியாக அரைத்து நேரடியாக விற்கிறோம். பத்தாவது படிக்கும் மகள், ‘நாம் செய்வதை யூடியூபில் போடலாம்மா’ என்கிறாள். டவுனில் செல்போன் கடை வைத்திருக்கும் உறவுக்காரத் தம்பி, ‘என் இமெயிலிலேயே சேனல் ஆரம்பித்துவிடலாம் அக்கா. நீங்கள் வீடியோ எடுத்து அனுப்புங்கள். வருமானம் வந்தால் பாதிப் பாதி’ என்கிறார். சரி என்று சொல்லலாமா?’’

- வாசகி, திருத்துறைப்பூண்டி வட்டம்.

சேனல் தொடங்கலாம். அந்தத் தம்பியின் உதவியையும் வாங்கிக்கொள்ளலாம். ஆனால், அவருடைய இமெயிலில் தொடங்கக் கூடாது.

உழுவது ஒருவர், பட்டா இன்னொருவர் பெயரில் என்றால் பின்னாளில் என்ன நடக்கும் என்பது கிராமத்தில் யாருக்கும் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. சேனலும் அப்படித்தான். எந்த கூகுள் கணக்கில் சேனல் திறக்கப்பட்டதோ, அந்தக் கணக்கின் சாவி யார் கையில் இருக்கிறதோ, சேனல் அவர் கையில். வயல் யாருடையது, வீடியோவில் பேசுகிற முகம் யாருடையது என்பதெல்லாம் அங்கே செல்லாது. இன்று தம்பி நல்லவராகவே இருக்கலாம். நாளை அவருக்கு வெளிநாட்டில் வேலை கிடைக்கலாம். அவருடைய போன் தொலையலாம். இரண்டு குடும்பத்துக்கும் பேச்சுவார்த்தை நின்றுபோகலாம். எதுவானாலும் நிற்பது இந்தக் குடும்பத்தின் சேனல்தான். அரிசி வாங்கும் வாடிக்கையாளர்களும் அந்த சேனல் வழியாகத்தான் வந்திருப்பார்கள்.

மகள் பெயரிலும் வேண்டாம். விளம்பர வருமானத்தைப் பெறும் ஆட்சென்ஸ் கணக்குக்கு 18 வயது நிறைந்திருக்க வேண்டும். ஆகவே, அம்மா பெயரிலோ அப்பா பெயரிலோ தொடங்குவதே சரி.

முதல் வேலை, பூட்டு

வங்கிக்கும் மற்ற வேலைகளுக்கும் பயன்படுத்தும் ஜிமெயிலை இதற்குத் தொடாமல், சேனலுக்கென்று புதிதாக ஒரு ஜிமெயில் திறப்பது நல்லது. அதில் கொடுக்கும் செல்போன் எண், குடும்பத்தில் ஒருவரின் பெயரில் உள்ள, தவறாமல் ரீசார்ஜ் செய்யப்படும் எண்ணாக இருக்க வேண்டும். சும்மா கிடந்த பழைய சிம் கார்டைக் கொடுத்துவிட்டு ரீசார்ஜ் செய்யாமல் விட்டால், சில மாதங்களில் அந்த எண் வேறொருவருக்குப் போய்விடும். கணக்கை மீட்கும் ஓ.டி.பி-யும் அவருக்குத்தான் போகும்.

பாஸ்வேர்டில் ஊர்ப் பெயர், பிறந்த வருஷம், செல்போன் எண் வேண்டாம். அடுத்து, கூகுள் கணக்கின் ‘செக்யூரிட்டி’ பகுதியில் ‘டூ-ஸ்டெப் வெரிஃபிகேஷன்’ என்பதை இயக்க வேண்டும். இது இரண்டாவது பூட்டு. பாஸ்வேர்டு மட்டும் தெரிந்த ஒருவர் புதிய போனில் நுழைய முயன்றால், இது தடுக்கும். அதே இடத்தில் ‘பேக்அப் கோட்ஸ்’ என்று பத்து எண்கள் கிடைக்கும். ஒவ்வொன்றையும் ஒருமுறை பயன்படுத்தலாம். போன் வரப்பில் விழுந்து தண்ணீரில் போய்விட்டால் கணக்குக்குள் நுழைய இவை உதவும். இவற்றை போனில் படம் எடுத்து வைக்காமல், தாளில் எழுதி, பட்டாவும் பாஸ்புக்கும் இருக்கும் பெட்டியில் வைக்க வேண்டும்.

இவ்வளவும் முடிய அரை மணி நேரம் போதும். இதற்குப் பிறகுதான் முதல் வீடியோ.

உதவியாளருக்குச் சாவி வேண்டாம்

செல்போன் கடைத் தம்பி வீடியோவை வெட்டி ஒட்டி, ஏற்றித் தருவதற்கு பாஸ்வேர்டு தேவையே இல்லை. ‘யூடியூப் ஸ்டுடியோ’வின் ‘செட்டிங்ஸ்’ பகுதியில் ‘பர்மிஷன்ஸ்’ என்று இருக்கிறது. அங்கே அவருடைய இமெயில் முகவரியைக் கொடுத்து, ‘எடிட்டர்’ என்ற பொறுப்பில் சேர்க்கலாம். அவர் தன்னுடைய கணக்கிலிருந்தே வீடியோ ஏற்றலாம், தலைப்பு மாற்றலாம். சேனலை அழிக்கவோ, மற்றவர்களைச் சேர்க்கவோ அவரால் முடியாது. வருமான விவரம் தெரிய வேண்டாம் என்றால் ‘எடிட்டர் (லிமிடெட்)’ என்ற பொறுப்பு இருக்கிறது. ஏற்பாடு பிடிக்கவில்லை என்றால் ஒரே நிமிடத்தில் நீக்கிவிடலாம்.

பாதிப் பாதி என்பதும் யோசிக்க வேண்டிய விஷயம். விளம்பர வருமானத்தில் மட்டும் பங்கா, சேனல் வழியாக விற்கும் அரிசியிலும் பங்கா என்பதை முதலிலேயே பேசி, ஒரு தாளில் எழுதிக்கொள்வது உறவுக்கும் நல்லது. ஒரு வீடியோவுக்கு இவ்வளவு என்று கூலி பேசிக்கொண்டால் கணக்கு இன்னும் எளிது.

கேமராவில் படக் கூடாதவை

வீடியோவில் பட்டா, ஆதார், பாஸ்புக், மானிய விண்ணப்பம் எதுவும் தெரியக் கூடாது. ஊர்ப் பெயரும் வட்டமும் போதும். வீட்டுக்கு வரும் வழி வேண்டாம். வாடிக்கையாளர் தொடர்புக்குத் தனி எண் வைத்துக்கொண்டு, ஜிமெயிலுக்கும் வங்கிக்கும் கொடுத்த எண்ணை வெளியில் காட்டாமல் இருப்பது பாதுகாப்பு. குடும்பத்தோடு பழனிக்குப் போகிற வீடியோவை, திரும்பி வந்த பிறகு ஏற்றலாம். மகள் வீடியோவில் வருவதாக இருந்தால் பள்ளிச் சீருடை, பள்ளிப் பெயர், டியூஷன் நேரம் ஆகியவை தெரியாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். கமென்ட்டுகளை முதலில் அம்மா படிப்பது நல்லது. ‘செட்டிங்ஸ்’ பகுதியில், தகாத வார்த்தைகளைக் குறித்து வைத்தால், அந்த வார்த்தைகள் உள்ள கமென்ட்டுகள் வெளியில் வராமல் நிற்கும்.

என்ன பேசுவது?

கண்டதையும் பேசத் தேவையில்லை. நாற்றங்காலில் தொடங்கி அறுவடை வரை, ஒரு போகத்தை அப்படியே காட்டினாலே ஒரு பருவத்துக்கான வீடியோக்கள் கிடைத்துவிடும். மாப்பிள்ளைச் சம்பா உயரமாக வளரும் ரகம். மழை, காற்றில் சாயும். சாய்ந்த வயலையும் காட்டி, எத்தனை மூட்டை குறைந்தது என்று சொல்கிற வீடியோவைத்தான் விவசாயிகள் தேடிப் பார்ப்பார்கள். மண் என்ன, தண்ணீர் எங்கிருந்து, எந்தத் தேதியில் நடவு, ஏக்கருக்கு என்ன செலவு என்ற நான்கையும் சொல்லிவிட்டால், பார்க்கிறவர் தன் வயலோடு ஒப்பிட்டுக்கொள்ள முடியும்.

போனைப் படுக்கை வசமாகப் பிடித்து, லென்ஸைத் துடைத்துவிட்டு, காலை வெயிலில் எடுத்தால் படம் நன்றாக வரும். படத்தைவிடச் சத்தம் முக்கியம். வயல்காற்றில் பேச்சு கேட்காது. சட்டைக் காலரில் குத்தும் சிறிய மைக் ஒன்று வாங்குவது, புதிய போன் வாங்குவதைவிடப் பயன் தரும். 15 நிமிடத்துக்கு மேற்பட்ட வீடியோ ஏற்றவும், முகப்புப் படத்தை விருப்பம்போல் வைக்கவும், யூடியூபில் செல்போன் எண்ணை உறுதிப்படுத்த வேண்டும். சினிமாப் பாட்டைப் பின்னணியில் போடுவது வேண்டவே வேண்டாம். பாட்டின் உரிமையாளர் புகார் செய்து வீடியோ நீக்கப்பட்டால், அது ஒரு ‘ஸ்ட்ரைக்’. 90 நாள்களுக்குள் மூன்று சேர்ந்தால் சேனலே போய்விடும். யூடியூப் ஸ்டுடியோவில் உள்ள ‘ஆடியோ லைப்ரரி’யில் இலவச இசை கிடைக்கிறது.

வீடியோவில் சொல்கிற அளவை, பார்க்கிற ஒரு விவசாயி அப்படியே தன் வயலில் செய்வார் என்பதை மறக்கக் கூடாது. பஞ்சகவ்யா பத்து லிட்டர் தண்ணீருக்கு 300 மில்லி என்பதை வாய் தவறி மூன்று லிட்டர் என்று சொல்லிவிட்டால், அது ஊர் முழுக்கப் போய்ச் சேரும். ஏற்றிய வீடியோவில் தவறான பகுதியை வெட்டி எடுக்கலாம். புதிதாகச் சேர்க்க முடியாது. ஆகவே, அளவுகளை எழுதி வைத்துக்கொண்டு பேச வேண்டும். தவறு நேர்ந்தால் அந்தப் பகுதியை வெட்டிவிட்டு, சரியான அளவை முதல் கமென்ட்டாகப் ‘பின்’ செய்துவைக்க வேண்டும்.

‘இந்த அரிசி சர்க்கரை நோயைக் குணமாக்கும்’ என்றும் சொல்லக் கூடாது. அதை நம்பி மாத்திரையை நிறுத்துகிறவர் இருப்பார். சட்டமும் சும்மா விடாது. 2006-ம் ஆண்டின் உணவுப் பாதுகாப்பு மற்றும் தரநிர்ணயச் சட்டப்படி, உணவுப் பொருளைப் பற்றித் தவறான விளம்பரம் செய்தால் 10 லட்சம் ரூபாய் வரை அபராதம் விதிக்கலாம்.

‘‘ஆடு வளர்ப்பு பற்றி சேனல் நடத்துகிறேன். ‘உங்கள் சேனலில் எங்கள் தீவனத்தைக் காட்டினால் 40,000 ரூபாய்’ என்று ஒரு கம்பெனி பெயரில் இமெயில் வந்திருக்கிறது. ஒப்பந்தம் என்று ஒரு ஃபைலும் அனுப்பியிருக்கிறார்கள். கம்ப்யூட்டரில் இறக்கித் திறக்கச் சொல்கிறார்கள். திறக்கலாமா?’’

- வாசகர், மணப்பாறை.

திறக்கக் கூடாது. சேனல் திருடர்கள் அதிகம் கையாளும் வழி இதுதான். ஒப்பந்தம் என்ற பெயரில் வரும் அந்த ஃபைலுக்குள் திருட்டு மென்பொருள் இருக்கலாம். கம்ப்யூட்டரில் ஏற்கெனவே திறந்திருக்கும் கூகுள் கணக்கின் நுழைவு அடையாளத்தையே அது நகலெடுத்து அனுப்பிவிடும். பூட்டிய வீட்டுக்குள் ஏற்கெனவே ஆள் இருப்பதுபோல, பாஸ்வேர்டும் ஓ.டி.பி-யும் கேட்காமலேயே திருடன் உள்ளே இருப்பான். யூடியூபர்களைக் குறிவைத்து இப்படித் திருட்டு நடப்பதை கூகுள் நிறுவனமே 2021-ல் விளக்கமாக வெளியிட்டது.

உண்மையான கம்பெனி என்றால் அதன் தீவன மூட்டையில் முகவரியும் எண்ணும் அச்சிட்டிருக்கும். அந்த எண்ணில் பேசி, இமெயில் அனுப்பியது அவர்கள்தானா என்று கேட்டுவிடலாம். ஒப்பந்தத்தைத் தபாலில் அனுப்பச் சொன்னால், திருடர்கள் அதோடு நின்றுவிடுவார்கள்.

கம்பெனி உண்மையானதாகவே இருந்தாலும் இரண்டு விஷயங்கள் உண்டு. பணமோ, இலவசப் பொருளோ வாங்கிக்கொண்டு பேசினால் அதை வீடியோவிலேயே சொல்ல வேண்டும். ஏற்றும்போது ‘பெய்டு புரமோஷன்’ என்ற கட்டத்தையும் குறிக்க வேண்டும். இரண்டாவது, அந்தத் தீவனத்தைத் தன் ஆடுகளுக்குக் கொடுத்துப் பார்க்காமல் பேசக் கூடாது. 2019-ம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, தவறான விளம்பரத்துக்கு, பொருளைப் பரிந்துரைத்தவருக்கும் 10 லட்சம் ரூபாய் வரை அபராதம் விதிக்க முடியும்.

ஃபைலை ஏற்கெனவே திறந்துவிட்டிருந்தால், அந்தக் கம்ப்யூட்டரின் இணையத் தொடர்பைத் துண்டித்துவிட்டு, வேறு போனிலிருந்து உடனே பாஸ்வேர்டை மாற்ற வேண்டும். கூகுள் கணக்கின் ‘செக்யூரிட்டி’ பகுதியில் ‘யுவர் டிவைசஸ்’ என்பதில் தெரியாத கருவிகள் இருந்தால் வெளியேற்ற வேண்டும். சேனல் கைமாறிவிட்டால், வழக்கமாகப் பயன்படுத்திய போனிலிருந்தே கூகுளின் கணக்கு மீட்புப் பக்கத்தில் முயல வேண்டும். பண இழப்பும் இருந்தால், தாமதிக்காமல் 1930 என்ற எண்ணில் புகார் செய்யலாம். தேசிய சைபர் குற்றப் புகார் இணையதளத்திலும் பதிவு செய்யலாம். ‘பணம் கொடுத்தால் சேனலை மீட்டுத் தருகிறேன்’ என்று வாட்ஸ்அப்பில் வருகிறவர் இரண்டாவது திருடர்.

‘‘சேனலில் எப்போது பணம் வரும்? ஆயிரம் சப்ஸ்கிரைபர்களை 2,000 ரூபாய்க்குத் தருவதாகச் சொல்கிறார்கள். வாங்கலாமா?’’

- வாசகர், பொள்ளாச்சி.

வாங்கக் கூடாது. விலைக்கு வரும் சப்ஸ்கிரைபர்கள் வீடியோவைப் பார்ப்பதில்லை. அது யூடியூப் விதிகளுக்கு எதிரானது, சேனலே நீக்கப்படலாம்.

விளம்பர வருமானத்துக்கு 1,000 சப்ஸ்கிரைபர்கள் வேண்டும். அதோடு, கடந்த 12 மாதங்களில் 4,000 மணி நேரம் பொதுமக்கள் பார்த்திருக்க வேண்டும். அல்லது, 90 நாள்களில் ஷார்ட்ஸ் வீடியோக்கள் ஒரு கோடி முறை பார்க்கப்பட்டிருக்க வேண்டும். இந்த அனுமதிக்கு யூடியூப் கட்டணம் எதுவும் வாங்குவதில்லை. ஆட்சென்ஸ் கணக்கில் 10 டாலர் சேர்ந்ததும், முகவரியைச் சரிபார்க்க ஒரு ‘பின்’ எண் தபாலில் வரும். அதனால் பெயரும் முகவரியும் தபால்காரருக்குத் தெரிந்தபடி, வங்கிக் கணக்கில் உள்ளபடியே இருக்க வேண்டும். 100 டாலர் சேர்ந்த பிறகுதான் பணம் வங்கிக்கு வரும்.

புதுக்கோட்டை மாவட்டம் சின்ன வீரமங்கலத்திலிருந்து 2018-ல் தொடங்கிய ‘வில்லேஜ் குக்கிங் சேனல்’, 2021-ல் ஒரு கோடி சப்ஸ்கிரைபர்களைத் தாண்டியது உண்மை. அதைப் பார்த்து, விளம்பரப் பணத்தை நம்பி வயலைக் கவனிக்காமல் விட்டால் இரண்டும் போய்விடும். சிறு விவசாயிக்கு சேனலின் முதல் பயன், இடைத்தரகர் இல்லாமல் வாங்குகிற ஐம்பது குடும்பங்கள் கிடைப்பதுதான். அதற்கு ஆயிரம் சப்ஸ்கிரைபர்கள் சேரும்வரை காத்திருக்கத் தேவையில்லை.

சேனல் தொடங்கும் நாளில்...

* வீட்டில் பெரியவர் ஒருவர் பெயரில் தனி ஜிமெயில். தவறாமல் ரீசார்ஜ் செய்யும் எண்.

* டூ-ஸ்டெப் வெரிஃபிகேஷன். பேக்அப் கோட்ஸ் தாளில், பெட்டியில்.

* உதவியாளருக்கு ‘எடிட்டர்’ பொறுப்பு மட்டும், பாஸ்வேர்டும் ஓ.டி.பி-யும் யாருக்கும் இல்லை.

* ஏற்றும் முன், வீட்டில் இன்னொருவர் வீடியோவை ஒருமுறை முழுதாகப் பார்க்க வேண்டும். அளவு, தேதி, பின்னணியில் தெரியும் காகிதம் மூன்றையும் சரிபார்ப்பது அவர் வேலை.