டென்னிஸ் மேட்ச்சுக்கும் ஷேர் மாதிரி விலை... கால்ஷி, பாலிமார்க்கெட்டில் நடப்பது என்ன?

கால்ஷி, பாலிமார்க்கெட் போன்ற அமெரிக்கத் தளங்களில் டென்னிஸ் மேட்ச்சின் முடிவையே ஷேர் போல வாங்கி விற்கலாம். 'இவர் ஜெயிப்பார்' என்ற ஒப்பந்தத்தின் விலை 60 சென்ட் என்றால், அவருக்கு 60 சதவீத வாய்ப்பு என்கிறது சந்தை. ஜெயித்தால் 1 டாலர். தோற்றால் போட்ட காசு போச்சு. மேட்ச் நடக்கும்போதே விற்றும் விடலாம்.

சரி, இதில் என்ன சிக்கல்?

ஒவ்வொரு பாயிண்ட்டுக்கும் விலை மாறும். டிவியில் காட்சி சில நொடி தாமதமாகத்தான் வரும். ஸ்டேடியத்தில் உட்கார்ந்து ஸ்கோர் அனுப்புகிறவர்களுக்கு அந்த நொடிகள்தான் லாபம். வீட்டில் இருப்பவர், ஏற்கெனவே முடிந்துபோன பாயிண்ட்டுக்குப் பணம் கட்டுகிறார்!

அதைவிடப் பெரிய ஆபத்து, ஒற்றையர் ஆட்டத்தில் ஒரே ஒருவரை வளைத்தாலே போதும் என்பது. 2007-ல் போலந்தின் சோபாட்டில், உலகின் 4-ம் நிலை வீரர் டேவிடென்கோ முதல் செட்டை வென்ற பிறகும் பெட்ஃபேர் சந்தையில் பணம் குவிந்தது 87-ம் நிலை வீரர் மீது. 3-வது செட்டில் காயம் என டேவிடென்கோ விலகினார். பந்தயங்களை பெட்ஃபேர் ரத்து செய்தது. ஓராண்டு விசாரித்த ஏடிபி, விதிமீறலுக்கு ஆதாரமில்லை என்றது.

கால்ஷியோ, இது சூதாட்டமே இல்லை, நிதிச் சந்தை என்கிறது. அமெரிக்க மாநிலங்கள் பல அதை ஏற்கவில்லை. சண்டை கோர்ட்டில் இருக்கிறது.