நாடாவின் மேல் பழி போடலாமா?

2000-க்குப் பின் நாகர்கோவில் பக்கத்துக் கல்யாண வீடியோக்கள் கணிப்பொறியில் தொகுக்கப்பட்டு, மீண்டும் கேமரா நாடாவில் பதிவாயின. படம் கட்டங்கட்டமாகச் சிதறினால், “உப்புக்காற்று, நாடா கெட்டது” என்பார்கள். உப்புக்காற்று நாடாவுக்கு ஆகாதுதான். ஆனால் சோதிக்காமல் தீர்ப்புச் சொல்வதை நான் ஏற்கமாட்டேன்.

அந்த நாடாவில் ஒரு தடத்தின் அகலம் 10 மைக்ரான். காந்தத்தலையில் துளித் தூசு போதும். கணிப்பொறியும் நொடிக்குச் சுமார் 3.6 மெகாபைட்டைத் தடையின்றி அனுப்பவேண்டும்.

அத்தகைய கருவி உங்கள் வீட்டில் இருந்தால், ஒரு நிமிடம் தள்ளித் தொடங்கி, அதே நாடாவில் மறுபடி பதியுங்கள். நாடாவின் அதே இடம் சிதறினால் நாடாவைச் சந்தேகியுங்கள். அதே காட்சி சிதறினால் கோப்பைப் பாருங்கள். இரண்டுமின்றி எங்கெங்கோ சிதறினால் துப்புரவு நாடாவை ஓட்டுங்கள்; அதன் பிறகே கணிப்பொறியின் மற்ற வேலைகளை நிறுத்துங்கள். இரண்டையும் ஒருசேரச் செய்தால் குற்றவாளி தப்பிவிடுவான்!