ஆள்வோர் நாவிற்குக் காவல் யார்?

பேச்சுரிமை என்பது ஆளப்படுவோர் ஆள்வோரை நோக்கிப் பேசுதற்குப் போராடிப் பெற்ற உரிமை. ஆள்வோர் பேசுதற்குப் போராட வேண்டியதில்லை. முரசும் கல்வெட்டும் அன்று அவர்க்குரியன; வர்த்தமானியும் வானொலியும் பின்னர் அவர்க்குரியனவாயின. இன்றோ சமூக வலைத்தளங்கள் வந்து, அரசனையும் ஆண்டியையும் ஒரே திண்ணையில் அமர்த்திவிட்டன. அத்திண்ணை பொதுமன்று போலத் தோன்றினும் தனியார் சிலரின் உடைமை. திண்ணைக்குரியோன் நாடாள்வோன் ஒருவனை நோக்கி, "எழுந்து வெளியே போ" எனக் கூறலாமா? இவ்வினா இன்றைய அரசியலறிவுக்கு ஓர் உரைகல்லாயுள்ளது.

நிகழ்ந்ததை முதலிற் கூறுவோம். 2021ஆம் ஆண்டு ஜனவரி 6ஆந் திகதி, அமெரிக்கக் காங்கிரஸ் தேர்தல் வாக்குகளை எண்ணி உறுதிசெய்யக் கூடியிருந்த வேளையில், தோல்வியுற்ற ஜனாதிபதி டொனால்ட் டிரம்பின் ஆதரவாளர் பெருந்திரளாகக் காங்கிரஸ் மாளிகையுட் புகுந்தனர். தேர்தல் திருடப்பட்டதென அவர் பல வாரங்களாக ஆதாரமின்றிக் கூறிவந்திருந்தார். மறுநாள் பேஸ்புக் நிறுவனம் அவர் கணக்கைக் காலவரையறையின்றி நிறுத்திற்று. 8ஆந் திகதி ருவிற்றர் நிறுவனம் அவரை நிரந்தரமாக விலக்கிற்று. அங்கு அவரைப் பின்தொடர்ந்தோர் ஏறக்குறைய 8 கோடியே 80 இலட்சம் பேர். அவர் பதவிக்காலம் முடிய அன்று எஞ்சியிருந்தவை 12 நாட்களே.

இது பேச்சுரிமைக்கு இழைத்த அநீதி என்றனர் ஒருசாரார். பேச்சுரிமைக்கும் இதற்கும் தொடர்பே இல்லை என்றனர் மற்றொருசாரார். சட்டத்தை மட்டும் நோக்கின் பின்னவர் கூற்றே சரி. 1791இல் நிறைவேறிய அமெரிக்க அரசியலமைப்பின் முதலாந் திருத்தம் அரசின் கையைக் கட்டுகின்றதேயன்றித் தனியார் நிறுவனத்தின் கையைக் கட்டவில்லை. ஜனாதிபதி தம்மைக் குறைகூறும் குடிமக்களைத் தம் ருவிற்றர்க் கணக்கிலிருந்து தடுத்தல் அத்திருத்தத்துக்கு மாறானது என 2019இல் ஒரு மேன்முறையீட்டு நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அவர் பதவி நீங்கியபின் அத்தீர்ப்பு 2021இல் வறிதாக்கப்பட்டதெனினும், அதன் உட்பொருள் சிந்திக்கத்தக்கது. குடிமகனை ஜனாதிபதி தடுக்கலாகாது. ஜனாதிபதியை நிறுவனம் தடுக்கலாம். சட்டம் இவ்வளவிற் கூறி அமைந்துவிடுகின்றது. அறம் எது என்பதை நாமே ஆராய்தல் வேண்டும்.

இவ்வாராய்ச்சிக்கு நம் சிலப்பதிகாரமே சிறந்த துணை. கோவலன் மீது பழி சுமத்தினான் பொற்கொல்லன். அவன் அதைக் கடைத்தெருவிற் கூறியிருப்பின் அஃது ஒரு பொய்யாய் நின்றிருக்கும். கோவலன் மறுத்துரைக்கவும் இடமிருந்திருக்கும். அப்பொய்யைப் பாண்டியன் செவியேற்று, ஆராயாது ஒரு சொற் சொன்ன கணத்தில் அது வாளாயிற்று. ஆள்வோன் வாய்ச்சொல்லுக்குப் பின்னே காவலரும் படையும் கூட்டமும் நிற்கின்றன. ஆதலின் அது கருத்தாக மட்டும் நில்லாது செயலாகிவிடுகின்றது. குடிமகன் ஒருவன் கோபத்திற் சொல்லும் சொல்லுக்கும், கோடிக்கணக்கானோர் கட்டளையென ஏற்கக் காத்திருக்கும் ஒருவரின் சொல்லுக்கும் ஒரே நிறைகோல் பொருந்துமா?

நிறுவனங்கள் கையாண்ட நிறைகோலோ தலைகீழானது. அரசியல்வாதியின் பேச்சு பொதுமக்கள் அறியவேண்டிய செய்தி என்று கூறி, சாதாரண மனிதனுக்கு விதித்த விதிகளிலிருந்து அவருக்கு விலக்களிப்பதாக 2019இல் பேஸ்புக் அறிவித்தது. பாமரன் எழுதினால் நீக்கப்படும் வாசகம், தலைவர் எழுதினால் நிலைபெறும் என்பதே இதன் பொருள். அதிகாரம் ஏற ஏறப் பொறுப்புங் கூடவேண்டும் என்னும் நம் மரபுக்கு இது முற்றும் மாறானது. 2021 ஜூனிலேயே அச்சலுகையை அந்நிறுவனம் சுருக்கிக்கொண்டது.

இச்சலுகையும் அசட்டையும் எங்கே கொண்டுசெல்லும் என்பதற்கு மியன்மார் சான்று. 2017 ஓகஸ்ட் தொடங்கி 7 இலட்சத்துக்கு மேற்பட்ட றொஹிங்கிய மக்கள் பங்களாதேஷுக்கு ஓடினர். அவர்கள்மீது பகை மூட்டும் எழுத்துக்கள் பேஸ்புக்கிற் பல்லாண்டு பரவியிருந்தன. பர்மிய மொழியறிந்து அவற்றைப் பரிசீலிக்க அந்நிறுவனம் அமர்த்தியிருந்தோர் தொடக்கத்தில் மிகச் சிலரே. இராணுவத் தளபதி மின் ஆங் ஹிலைங்கின் கணக்கு 2018 ஓகஸ்டில், ஐக்கிய நாடுகள் விசாரணைக் குழு அவர்மீது குற்றஞ்சாட்டிய பின்னரே நீக்கப்பட்டது. வீடு எரிந்தபின் கிணறு வெட்டிய கதையிது. சிறிய மொழியினர் இதனைக் கருத்திற் கொள்ளல் வேண்டும். ஆங்கிலத்தில் எழுதப்படும் கொடுஞ்சொல் உடனே கண்ணிற்படும். பர்மியத்திலோ தமிழிலோ சிங்களத்திலோ எழுதப்படுவது கண்ணிற்பட எத்தனை உயிர் போகவேண்டுமோ? 2018இல் எமது நாட்டில் முஸ்லிம் மக்களுக்கெதிராக மூண்ட கலவரத்தில் தன் தளம் பயன்பட்டமைக்குப் பேஸ்புக் 2020இல் வருத்தந் தெரிவித்தது என்பதையும் ஈண்டு நினைவுகூர்க.

நிற்க. இதனால், தலைவரை விலக்கும் அதிகாரத்தை நிறுவனங்களிடம் முற்றாக ஒப்படைத்துவிடலாம் என்று யான் கூறவில்லை. சிலம்பு கூறும் படிப்பினை ஒன்றன்று, இரண்டு. ஆள்வோன் சொல் வாளாகும் என்பது ஒன்று. ஆராயாது வழங்கும் தண்டனை அநீதி என்பது மற்றொன்று. பாண்டியன் பிழை தண்டித்தமையன்று, விசாரியாது தண்டித்தமையே. டிரம்பை விலக்கிய நிறுவனங்களும் இவ்விரண்டாம் பிழைக்கு அணித்தாகவே நின்றன. பேஸ்புக் தானே அமைத்த மேற்பார்வைச் சபை 2021 மே 5ஆந் திகதி கூறிய முடிவு இதுவே: கணக்கை நிறுத்தியது தகும், ஆயின் எல்லை குறியாது நிறுத்தியது தகாது, அத்தகைய தண்டனை நிறுவனத்தின் விதிகளில் இல்லை. அதன் பின்னரே ஈராண்டு என்னும் எல்லை வகுக்கப்பட்டது.

அடுத்து நிகழ்ந்தவை இன்னும் தெளிவூட்டுவன. 2022 ஒக்ரோபரில் எலொன் மஸ்க் ருவிற்றரை விலைக்கு வாங்கினார். நவம்பரில் தம் கணக்கில் ஒரு வாக்கெடுப்பு நடத்தினார், 51.8 வீதத்தினர் ஆமென்றனர்; நிரந்தரம் எனப்பட்ட தடை நீங்கிற்று. டிரம்ப் 2024 தேர்தலில் வென்று 2025 ஜனவரியில் மீண்டும் பதவியேற்றதும், தம்மை நிறுத்தியமைக்காக அவர் தொடுத்த வழக்கைத் தீர்க்க பேஸ்புக்கின் தாய் நிறுவனமாகிய மெற்றா 2 கோடியே 50 இலட்சம் டொலர் செலுத்த இசைந்தது. அதே ஆண்டு செப்ரெம்பரில் யூரியூப் 2 கோடியே 45 இலட்சம் டொலர் செலுத்த இசைந்தது. அவர் இறங்கும்பொழுது கதவடைத்தவர், ஏறும்பொழுது காணிக்கையுடன் நின்றனர். கொள்கை இருந்த இடத்தில் காற்றுத் திசைகாட்டி இருந்தது போலும்! வணிகரிடம் வணிகத்தை எதிர்பார்க்கலாம். நீதிபதியின் நெஞ்சுரத்தை எதிர்பார்ப்பது நம் பேதைமை.

அவ்வாறாயின் அரசுகளே இவ்வதிகாரத்தைக் கைக்கொள்ளட்டும் என்பார் உளர். அதன் விளைவையும் உலகங் கண்டது. 2021 ஜூனில் நைஜீரிய ஜனாதிபதி முகம்மது புகாரி, 1967 முதல் 1970 வரை நடந்த உள்நாட்டுப் போரை நினைவூட்டி எச்சரித்த பதிவொன்றை ருவிற்றர் நீக்கியது. சில நாளில் அரசு ருவிற்றரையே நாடு முழுவதும் தடுத்தது. 2022 ஜனவரி வரை அத்தடை நீடித்தது. ஒருவர் வாயை மூடியதற்குக் கோடிப் பேர் வாய் மூடப்பட்டது. எமது நாட்டிலும் 2022 ஏப்பிரல் 3ஆந் திகதி, பொருளாதார நெருக்கடியால் மக்கள் வீதிக்கு வந்த வேளையில், அரசு சமூக வலைத்தளங்களைத் தடுத்தது. கண்டனம் எழ அன்றே திறந்தது. அரசியலமைப்பின் 14ஆம் உறுப்புரை ஒவ்வொரு பிரசைக்கும் பேச்சுரிமை வழங்கியிருந்தும் இது நிகழ்ந்தது. ஆகவே, ஆள்வோர் நாவிற்கு ஆள்வோரையே காவல் வைத்தல் பாலுக்குப் பூனையைக் காவல் வைப்பதாகும்.

இவ்விரு பள்ளங்களுக்கும் இடையே ஒரு வரம்பு உண்டு. பாடசாலை மாணவர் மன்றத்தில் விவாதம் நடத்திய எவரும் அதனை அறிவர். வரம்புமீறிப் பேசுவோனைத் தலைவர் அமரச் சொல்லலாம். ஆனால் எந்த விதி மீறப்பட்டதென்று அவர் கூறவேண்டும். அவ்விதி விவாதத்துக்கு முன்னரே எழுதப்பட்டிருக்க வேண்டும். தலைவரின் நண்பனுக்கும் பகைவனுக்கும் அது பொதுவாதல் வேண்டும். அமரச் சொல்லப்பட்டவன் சபையிடம் முறையிட வழியிருத்தல் வேண்டும். இந்நான்கும் உள்ள இடத்தில் தடை ஒழுங்காகும். இல்லாத இடத்தில் அது கொடுங்கோலாகும். டிரம்புக்கு எவ்வகையிலும் ஆதரவாளரல்லாத ஜேர்மன் அதிபர் அங்கெலா மேர்க்கெல், அவரை நிரந்தரமாக விலக்கியதைத் தம் பேச்சாளர் வாயிலாக ஐயுற்றதும் இதனாலேயே. பேச்சுரிமையின் எல்லையைச் சட்டமன்றம் வகுக்கவேண்டும், நிறுவன முகாமையாளர் வகுக்கலாகாது என்பது அவர் கருத்து. ஐரோப்பிய ஒன்றியத்தில் 2024 பெப்ரவரி தொடக்கம் முழுமையாக நடைமுறைக்கு வந்த இலக்கமுறைச் சேவைகள் சட்டம், தடுக்கப்பட்டவனுக்குக் காரணங் கூறுதலையும் முறையீட்டு வழியையும் நிறுவனங்களுக்குக் கடமையாக்கியுள்ளது. விதியை மக்கள் மன்றம் ஆக்க, நிறுவனம் நடைமுறைப்படுத்த, சுதந்திர நீதிமன்றம் பிழை திருத்துவதே தக்க முறையாம்.

தலைவர் என்ன பேசுகின்றார் என்பதை அறிய மக்களுக்கு உரிமையில்லையா என்று ஒரு கேள்வி எழும். நியாயமான கேள்வியே. அவர் சொல்லை அழித்துவிட்டால் அவரைக் கண்டிக்கச் சான்றும் அழியும். ஆயின் சொல்லைப் பேணுதல் வேறு, பரப்புதல் வேறு. 2020 மே மாதத்தில் டிரம்பின் பதிவொன்று வன்முறையைப் போற்றுவதெனக் கண்ட ருவிற்றர், அதனை அழியாது எச்சரிக்கைத் திரையிட்டு, பரவுதலை மட்டும் குறைத்தது. விரும்பியோன் திரை நீக்கிப் படிக்கலாம். நஞ்சை ஆராய்ச்சிசாலையில் வைத்தல் குற்றமன்று; குடிநீர்க் கிணற்றில் ஊற்றுதலே குற்றம். முழுத்தடை என்பது உயிராபத்து நேருமென்னுங் கடைசிக் கட்டத்துக்கும், அதுவும் குறித்த காலத்துக்குமே உரியது.

பழைய மாணவ அன்பர்களே! நும்முள் சட்டம் பயின்றோர் உளர். கணினித் துறையில் கடல் கடந்து பணியாற்றுவோர் உளர். நாளைக்குப் பாராளுமன்றஞ் செல்வோரும் இருக்கக்கூடும். ஆங்கிலமல்லாத மொழிகளுக்கும் தகுதிவாய்ந்த பரிசீலகர் வேண்டுமென்று நிறுவனங்களை வற்புறுத்தவும், தடைக்குக் காரணமும் காலமும் முறையீடும் வேண்டுமென்று சட்டஞ் செய்வோரை வற்புறுத்தவும் நும்மால் இயலும். எம்போன்ற ஆசிரியர் செய்யக்கூடியது பிறிதொன்று: மேடையில் எவர் எதைக் கூறினும், "இதற்குச் சான்று யாது?" எனக் கேட்கும் பழக்கத்தை வகுப்பறையிலே ஊட்டுதல். கண்ணகி அரசவையிற் புகுந்து கேட்டதும் அக்கேள்வியின் வேறோர் உருவமே. அவள் சிலம்பை உடைத்துச் சான்று காட்டினாள். அரசனும் தன் பிழை உணர்ந்தான். அவ்விசாரணை அச்சொல்லுக்கு முன்னே நிகழ்ந்திருந்தால், மதுரை எரிந்திராது.