கிரேக்க எழுத்துக்கும் வேண்டும் ஒரு அரிச்சுவடி!



'அ' எழுத நமக்கு எத்தனை நாள் ஆனது? அரிசியில் விரலைப் பிடித்து எழுத வைத்தார்கள். ஏபிசிடிக்கு நாலு கோடு நோட்டு. ஆனால் ஒன்பதாம் வகுப்பில் தீட்டா வந்தபோது? "கோணம் தீட்டா என்க", அவ்வளவுதான். அடுத்த வரிக்குப் போயாச்சு!

இப்போது பதினொன்றாம் வகுப்பு இயற்பியலில் லாம்டா, ரோ, ஒமேகா என்று வரிசையாக வந்து இறங்குகின்றன. ரோவை ஆங்கில 'பி' மாதிரி எழுதினால் அடர்த்தியா, அழுத்தமா? நியூவை 'வி' ஆக்கினால் அதிர்வெண் திசைவேகமாகிவிடும். கணக்கு புரிந்தவர்கள்கூட போர்டுக்கு வரப் பயப்படுவது இந்த எழுத்துகளால்தான் என்பது என் கருத்து.

ஸ்ரீவில்லிபுத்தூரில் படிக்கும் என் சித்தி மகள் வகுப்பில் இதற்கு ஒரு கைவேலை செய்தார்கள். பழைய கல்யாணப் பத்திரிகை அட்டையில் எழுத்தைப் பென்சிலால் வரைந்து, பசை தடவி, மேலே தடித்த நூலை ஒட்ட வேண்டும். சின்ன ஆல்பா, வால் வலப்பக்கம் உள்ள மீன் மாதிரி; ஒரே நூல் போதும். ரோவும் அப்படித்தான்: கீழிருந்து மேலே ஏறி, சுழித்து வந்து தண்டைத் தொடும், நூலை வெட்டவே வேண்டாம். தீட்டாவுக்கு மட்டும் நடுவில் இன்னொரு துண்டு. காய்ந்த பிறகு கண்ணைக் கட்டிக்கொண்டு தடவிப் பார்த்து, என்ன எழுத்து என்று சொல்லணும். அவளுக்கு இப்போது ரோ கை தவறுவதே இல்லை.

மில்கள் நிறைந்த நம்ம ராஜபாளையத்தில் நூலுக்கா பஞ்சம்? மொத்தம் 24 எழுத்துதான். இரண்டு பேருக்கு ஒன்று என்றால் ஒரே பீரியடில் முடியும்.

"வெளிநாட்டு எழுத்துக்கு இவ்வளவு பாடா?" என்று சிலர் கேட்கலாம். நம் முசிறித் துறைமுகத்துச் சரக்கு பற்றிய கி.பி. 2-ஆம் நூற்றாண்டு ஒப்பந்தம் ஒன்று, கிரேக்க எழுத்தில் பாப்பிரஸ் தாளில் எழுதப்பட்டு இன்றும் வியன்னாவில் இருக்கிறது. எகிப்தின் செங்கடல் கரையிலோ தமிழ்-பிராமி எழுத்துள்ள பானை ஓடு கிடைத்திருக்கிறது. எழுத்துகள் எப்போதோ பழகிவிட்டன, நாம்தான் பழகவில்லை. (பெரிய ஆல்பாவைத் தலைகீழாக்கிப் பாருங்கள், கொம்புள்ள மாட்டுத் தலை தெரியும். அதன் மூலமான பினீசிய எழுத்தின் பெயருக்கே மாடு என்றுதான் பொருள்!)

பாடம் பிந்திவிடும் என்று ஆசிரியர்கள் நினைக்க வேண்டாம். அரையாண்டுத் தேர்வு முடிந்ததும் ஒரு கடைசி பீரியட் தாருங்கள். நூலும் அட்டையும் நாங்கள் கொண்டு வருகிறோம். பசை மட்டும் பள்ளியில் கொடுத்தால் போதும்.

- 11-ஆம் வகுப்பு, 'ஆ' பிரிவு