கூம்புக்குள் அடங்காத பேஸ்

காஞ்சிபுரத்திலிருந்து பெங்களூர் நெடுஞ்சாலையில் மேற்கே போனால் பாலுசெட்டி சத்திரத்தை அடுத்து தாமல் வரும். பெரிய ஏரி, நெல் வயல், ஊரை ஒட்டி இரவு பகல் ஓயாத லாரிகள். ஆடி பிறந்துவிட்டால் இந்தச் சுற்றுவட்டாரத்தில் கூழ் வார்க்காத அம்மன் கோயில் அபூர்வம். பாட்டுப் போடாமல் கூழ் வார்ப்பது அதைவிட அபூர்வம். இப்போது அந்தப் பாட்டு ஆள் உயரத்துக்கு அடுக்கிய பெட்டிகளிலிருந்து வருகிறது. கிட்டே போனால் சட்டை படபடக்கும், தகரக் கூரை அதிரும். எந்தப் பாட்டு என்று பிடிபடுவதற்கு முன்பே அடிவயிற்றில் ஒரு குத்து விழுந்துவிடும்.

நாற்பது ஆண்டுகளுக்கு முன்பு இதே ஊர்களில் வேப்பமரக் கிளையில் கட்டிய கூம்பு ஒலிபெருக்கிதான். மூன்று ஊருக்குக் கேட்கும். ஆனால் அதில் அடிநாதம் இருக்காது. பேஸ் கிதாரின் தடித்த தந்தி நொடிக்குச் சுமார் 41 முறை அதிர்கிறது. நாலில் மெல்லியதுகூட 98 முறைதான். கூம்போ சில நூறு அதிர்வுகளுக்குக் கீழே உள்ளதைப் பெரும்பாலும் வெளியே விடாது. டீக்கடை டிரான்சிஸ்டர் பெட்டியின் கதையும் அதுவே. இலங்கை வானொலியிலும் விவித பாரதியிலும் பாட்டுக் கேட்டு வளர்ந்த தலைமுறைக்கு பேஸ் கிதாரின் அடிச் சுரம் நேராக எட்டியதே இல்லை. எட்டியது அதன் மேல்நாதங்கள் மட்டும். ஆனால் மனிதக் காதுக்கு ஒரு வித்தை உண்டு: 82, 123, 164 என்று மேல்நாதங்கள் வந்தால் இல்லாத 41-ஐத் தானே போட்டு நிரப்பிக்கொள்ளும். கூம்புக்கு அடியில் நின்றவர் கேட்ட பேஸில் பாதி அவருடைய மூளை வாசித்தது.

வேடிக்கை என்னவென்றால், அந்தக் கூம்புகளில் ஓடிக்கொண்டிருந்த பாட்டுகளில்தான் தமிழ் இசை அதுவரை கண்டிராத பேஸ் வரிகள் இருந்தன. இன்றைய பெட்டிகளுக்கு 41 அதிர்வு ஒரு பொருட்டே இல்லை. ஆனால் அவற்றில் போடுவதற்கென்று செய்யப்படும் பாட்டில் அடியில் ஓடுவது பெரும்பாலும் ஒரே ஒரு சுரம், ஒரே ஒரு இடி.

அடிநாதம் நமக்குப் புதிதல்ல. மிருதங்கத்தின் தொப்பி எனும் இடப்பக்கத்தில் ரவையைக் குழைத்து அப்புவது அதற்காகத்தான். எடை கூடினால் தோல் மெதுவாக அதிரும், சுரம் இறங்கும். கை வைத்து அழுத்தி வழுக்கினால் கும்கி பிறக்கும். தவிலுக்கும் ஆடி மாதப் பம்பைக்கும் தாழ்ந்த குரல் உண்டு. இந்தப் பக்கத்துத் திரௌபதி அம்மன் கோயில்களில் விடிய விடிய நடக்கும் கட்டைக்கூத்திலும், முகவீணை உச்சியில் கீறிக்கொண்டு போக, கீழே மத்தளம் தாங்கும். காஞ்சிபுரம் வட்டாரத்தில் 1990 முதல் பி. ராஜகோபாலும் ஹன்னே டி புருயினும் கட்டைக்கூத்துச் சங்கத்தின் வழியாக வளர்த்த கலை அது. இவை எல்லாவற்றிலும் கீழ்ச்சுரம் ஒன்று அடியாக விழும், அல்லது தம்புரா போல, ஆர்மோனியச் சுதி போல நின்ற இடத்தில் நிற்கும். மேலே ராகம் ஒரு வழியில் போக, கீழே இன்னொரு மெட்டு தன்பாட்டுக்கு நடப்பது நம் மரபில் இல்லை. ராக இசைக்கு அது தேவைப்படவும் இல்லை.

அந்த நடையைக் கொண்டுவந்த கருவிக்கு வயது அதிகமில்லை. ஆள் உயர டபுள் பேஸைத் தூக்கிக்கொண்டு அலைய முடியாமல் தவித்தவர்களுக்காக லியோ ஃபெண்டர் 1951-இல் பிரிசிஷன் பேஸை விற்பனைக்குக் கொண்டுவந்தார். தோளில் மாட்டலாம், கட்டைகள் இருப்பதால் சுரம் பிசகாது, பெருக்கியில் சொருகினால் டிரம்ஸுக்கு ஈடு கொடுக்கும். கோடம்பாக்கத்துக்கும் அது வந்து சேர்ந்தது. ஆனால் துணைக்கு நின்ற அந்தக் கருவி தனிப் பேச்சுப் பேச ஆரம்பித்தது 1976-இல் ‘அன்னக்கிளி’ வந்த பிறகுதான் என்பது என் கணிப்பு.

பண்ணைப்புரத்து இளையராஜா கிதார்க்காரராகப் பிறருடைய ஒலிப்பதிவுகளில் உட்கார்ந்தவர். தன்ராஜ் மாஸ்டரிடம் மேற்கத்திய இசையைப் படித்தவர். செவ்விசை மேதை பாக் எழுதிய இசையில் கீழ்க்குரல் மேற்குரலுக்கு அடிமை இல்லை. இரண்டும் தனித்தனி மெட்டு, ஒன்றாகக் கேட்டால் மூன்றாவதாக ஏதோ பிறக்கும். அந்தப் பாடத்தை அவர் பேஸ் கிதாரில் வைத்தார். ஒவ்வொரு கருவிக்கும் உரியதைத் தாளில் மேற்கத்தியக் குறிப்பாக எழுதிக் கொடுத்துவிடுவது அவர் வழக்கம் என்பதால், பேஸும் ‘போட்டுக்கொள்ளுங்கள்’ என்று வாசிப்பவரிடம் விடப்படவில்லை. ‘பிரியா’ (1978) ஸ்டீரியோவில் பதிவானபோது கருவிகள் பிரிந்து கேட்டன. நல்ல ரெக்கார்ட் பிளேயர் வைத்திருந்த சிலருக்காவது கீழே என்ன நடக்கிறது என்று தெரிந்தது.

‘இரட்டை வால் குருவி’ (1987) படத்தில் ஜேசுதாஸ் பாடிய கீரவாணிப் பாட்டைக் கேளுங்கள். பாடகர் மூச்சு விடும் இடத்தில் பேஸ் பேசுகிறது, அவர் நீட்டும் இடத்தில் ஒதுங்குகிறது, பிறகு அவரை முந்திக்கொண்டு அடுத்த திருப்பத்தில் போய் நிற்கிறது. அந்தப் பாட்டை முணுமுணுக்கிறவர்களைக் கவனித்தால், பாடகரின் வரிக்கு நடுவே ‘தும் துதும்’ என்று இன்னொன்றையும் சேர்த்தே முணுமுணுப்பார்கள். அது பேஸ் என்று அவர்களில் பலருக்குத் தெரியாது. ‘ஓளங்கள்’ (1982) என்ற மலையாளப் படத்தின் ஒரு மெட்டு அதே ஆண்டு தமிழில் ‘ஆட்டோ ராஜா’விலும் வந்தது. சொல் மாறியது, மொழி மாறியது. அந்த மெட்டுக்கு அடியில் ஓடும் பேஸை மறந்தவர் இரண்டு பக்கமும் இல்லை.

இந்த வரிகளைப் பல ஆண்டுகள் வாசித்தவர் சசிதரன். டிரம்ஸில் புருஷோத்தமன், கீபோர்டில் விஜி மானுவேல், கிதாரில் சதானந்தம் என்று அந்தக் குழுவைத் தெரிந்தவர்கள் அடுக்குவார்கள். தெரிந்தவர்கள் என்றால் மிகச் சிலர். ரெக்கார்ட் அட்டையில் இசையமைப்பாளர் பெயர் இருந்தது, பாடகர் பெயர் இருந்தது, கவிஞர் பெயர் இருந்தது. விரல் தேய வாசித்தவர் பெயரைத் தேடினால் கிடைக்காது.

இது கோடம்பாக்கத்துக் குறை மட்டுமல்ல. டெட்ராய்ட்டில் மோட்டவுன் நிறுவனத்தின் அடித்தள அறையில் உட்கார்ந்து 1960-களின் அமெரிக்க வெற்றிப் பாட்டுகள் எத்தனையோவற்றுக்கு பேஸ் வாசித்தவர் ஜேம்ஸ் ஜேமர்சன். ஒரே ஒரு ஆட்காட்டி விரலால் வாசிப்பார். தந்தியை மாற்றவே மாட்டார். அங்கேயும் பாட்டுகளைக் காரின் சிறிய ஸ்பீக்கரில் போட்டுக் கேட்டுத்தான் சரிபார்த்தார்கள், கேட்பவர்கள் அதில்தான் கேட்கப்போகிறார்கள் என்று. 1971-இல் மார்வின் கே தன் தொகுப்பில் பெயர் போடும்வரை ஜேமர்சன் யாரென்று அந்தப் பாட்டுகளுக்கு ஆடியவர்களுக்குத் தெரியாது. 1983-இல் இறந்தார், ராக் இசைக்கான புகழ் மண்டபம் அவரை ஏற்றுக்கொண்டது 2000-இல்.

கிதாரின் ஒலியைக் காலால் மிதித்து மாற்றும் பெடல்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். 1961-இல் வெளிவந்த மார்ட்டி ராபின்ஸ் பாட்டு ஒன்றின் நாஷ்வில் பதிவில், கிரேடி மார்ட்டின் வாசித்த ஆறு தந்தி பேஸ், ஒலிக்கலவைக் கருவியின் பழுதான ஒரு தடத்தின் வழியாகப் போய்க் கரகரவென்று வந்தது. அதை அழிக்காமல் விட்டார்கள். மறு ஆண்டே அந்தக் கரகரப்பைக் காலால் அழுத்திப் பெறும் பெட்டியை மேஸ்ட்ரோ என்ற நிறுவனம் விற்க ஆரம்பித்தது. ஆக, இன்று கிதார்க்காரர்கள் காசைக் கொட்டும் ஃபஸ் பெடலின் தாய் ஒரு பழுது. அதுவும் பேஸ் வரியில் விழுந்த பழுது. 1965-இல் பால் மெக்கார்ட்னி பேஸில் அதைப் போட்டார். எழுபதுகளில் பூட்ஸி காலின்ஸ் வடிகட்டிப் பெடல் ஒன்றால் பேஸை வாய் திறந்து பேச வைத்தார். 1977 முதல் ஜப்பானின் பாஸ் நிறுவனத்துச் சின்னப் பெடல்கள் உலகெங்கும் பரவின.

தமிழ்த் திரையிசையின் பொற்கால பேஸ் இதையெல்லாம் அதிகம் தொடவில்லை. எழுதிய சுரம் எழுதியபடி கேட்க வேண்டும், அவ்வளவுதான். அதை நான் குறையாகப் பார்க்கவில்லை. பெடலை மிதித்து வரவழைக்கிற நிறம் வரியில் ஏற்கெனவே இருந்தது. பெடலின் பெரிய சோதனை நம் பக்கத்தில் வேறு ஒருவரிடமிருந்து வந்தது. தாமலிலிருந்து அதே நெடுஞ்சாலையில் மேற்கே போனால் வரும் ராணிப்பேட்டையில் வளர்ந்த பிரசன்னா, சென்னை ஐ.ஐ.டி.யில் கப்பல் கட்டும் படிப்பு முடித்துவிட்டுக் கர்நாடக இசையைக் கிதாரில் வாசித்தவர். 2006-இல் ‘எலக்ட்ரிக் கணேஷாலேண்ட்’ என்று ஜிமி ஹென்ட்ரிக்ஸுக்கு ஒரு வணக்கம் செய்தார்: ஒரு பக்கம் கரகரப்பும் வா-வா பெடலும், மறுபக்கம் கர்நாடகத் தாளவாத்தியங்கள்.

ரஹ்மான் காலத்தில் இரண்டு மாற்றங்கள். 1992-க்குப் பிறகு பேஸ் பாதி நேரம் கீபோர்டிலிருந்தும் கணினியிலிருந்தும் வந்தது. வராதபோது கீத் பீட்டர்ஸின் விரலிலிருந்து வந்தது. கேசட் உறையில் வாசித்தவர்களின் பெயரை அச்சிட்டது இரண்டாவது மாற்றம். இசையைவிட அது சின்ன விஷயம் என்பார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. கீத் பீட்டர்ஸ் என்று ஒருவர் இருக்கிறார் என்பதே அந்த மடிப்புத் தாளில்தான் பல பையன்களுக்குத் தெரிந்தது. இன்று ரஹ்மான் மேடையில் வாசித்த மோகினி டேவை அவருடைய பேஸுக்காகவே தேடிக் கேட்கிற ரசிகர்கள் இருக்கிறார்கள்.

கிராமத்துக்கு பேஸை உடம்போடு கொண்டுவந்தவர்கள் மெல்லிசைக் குழுக்காரர்கள். திருவிழா இரவில் வேனில் வந்து இறங்குவார்கள். மேடையின் பின்வரிசையில் டிரம்ஸுக்குப் பக்கத்தில் ஒருவர் அசையாமல் நிற்பார். கேசட்டை ஓட்டி ஓட்டித் தேய்த்து, எழுதிய தாளைப் பார்க்காமலே அந்த வரிகளைக் காதால் கற்றவர் அவர். கூம்பு விழுங்கியதை அவருடைய பெருக்கிதான் ஊருக்குக் கேட்க வைத்தது. செலவைக் குறைக்க வேண்டும் என்று வந்தபோது முதலில் வேனை விட்டு இறங்கியவரும் அவரே. கீபோர்டுக்காரரின் இடது கை போதும் என்றார்கள். பிறகு ட்ராக் போட்டுப் பாடினால் போதும் என்றார்கள். பாடகர் இல்லையென்றால் கூட்டம் கேள்வி கேட்கும். பேஸ் இல்லையென்றால் ‘என்னமோ குறையுதே’ என்பதோடு சரி. எல்லாம் போய்விட்டது என்று ஒப்பாரி வைக்க வேண்டியதில்லை. 2018 ஜனவரியில் சென்னையில் மேடையேறிய காஸ்ட்லெஸ் கலெக்டிவ் குழுவில் பறையும் கானாவும் பேஸ் கிதாரும் ஒன்றாக நின்றன. அடியும் வரியும் ஒன்றையொன்று விரட்டாமல் அங்கே இருந்தன.

சட்டத்தின் காதும் கூம்பைப் போன்றதுதான். கூம்பு ஒலிபெருக்கிக்குத் தடை, பெட்டி வைத்துக்கொள்ளுங்கள் என்று திருவிழாவுக்குத் திருவிழா அறிவிக்கிறார்கள். 2000-ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகள் சத்தத்தை அளக்கும் முறையோ தாழ்ந்த சுரங்களைக் குறைத்தே எண்ணும். 40 அதிர்வுக்கு அருகில் ஏறக்குறைய 35 டெசிபல் தள்ளுபடி. ஓட்டு வீட்டில் படுத்திருக்கும் கிழவியின் நெஞ்சு அதிர்வது கருவியில் அரைகுறையாகத்தான் பதியும்.

பதிப்புரிமைச் சட்டம் இன்னும் சுவாரசியம். 2012 திருத்தம், வாசித்தவருக்குத் ‘தான் வாசித்தது’ என்று அடையாளப்படுத்தப்படும் உரிமையைத் தந்தது. அதே திருத்தம் வரையறையில் ஒரு விலக்கும் வைத்தது: திரைப்படத்தில் தற்செயலாகவோ துணையாகவோ பங்கெடுத்து, தொழில் வழக்கப்படி எங்குமே பெயர் குறிக்கப்படாதவரைக் கலைஞராகக் கருத வேண்டியதில்லை. விலக்கு துணை நடிகர்களை மனத்தில் வைத்து எழுதப்பட்டிருக்கலாம். ஆனால் பெயர் போடாததையே வழக்கமாக வைத்திருந்த ஒரு தொழிலின் கையில் அதைக் கொடுத்தால் என்ன ஆகும்? ஜேசுதாஸுக்கு எதிராக முழுப் பாட்டும் பேசிய ஒரு பேஸ் வரியைத் துணைவேலை என்று யாராவது வாதாடினால், மறுப்பதற்கு வாசித்தவர் கையில் அச்சிட்ட ஒரு வரிகூட இல்லை. அன்றைய ஒலிப்பதிவுக் கூடங்களில் உட்கார்ந்தவர்களில் பலர் இன்னும் நம்மோடு இருக்கிறார்கள்; எந்தப் பாட்டில் யார் என்று அவர்களுக்கு நினைவிருக்கிறது. பழைய பாட்டுகளை மெருகேற்றித் திரும்பத் திரும்ப விற்கும் இசை நிறுவனங்கள் இணையத்தில் போடும் ஒவ்வொரு பாட்டுக்கும் கீழே அந்தப் பெயர்களைக் கேட்டு எழுதட்டும். திரையிசைக் கலைஞர்கள் சங்கமும் அதைக் கேட்டு வாங்கட்டும், அவர்கள் இருக்கும்போதே.