நாள்தோறும் இடம் மாறும் கோழிப்பட்டி

மாட்டுப்பட்டி அடைத்த நிலத்தின் விளைவைப் பற்றி எந்தக் கமக்காரருக்கும் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. யாழ்ப்பாணத்துத் தோட்டங்களிலும் வயல்களிலும் மாடுகளையும் ஆடுகளையும் இரவில் ஓரிடத்தில் அடைத்து, பின்னர் பட்டியை அடுத்த இடத்துக்கு மாற்றி, நிலம் முழுவதற்கும் எருவும் சலமும் சேரும்படி முன்னோர் செய்தனர். எருவைச் சுமந்து சென்று கொட்டும் கூலி அதில் இல்லை. எரு குவிந்து கிடந்து வீணாவதும் இல்லை. ஆயினும், அதே கமக்காரரின் வீட்டில் வளரும் கோழிக்கு மாத்திரம் இம்முறை வாய்க்கவில்லை. அது ஒன்றில் ஊரெல்லாம் திரிகின்றது. அல்லது வளவின் மூலையில் ஒரே கூட்டில் அடைபட்டுக் கிடக்கின்றது. இவ்விரண்டுக்கும் நடுவே மூன்றாவது வழி ஒன்றுண்டு. அதுவே தூக்கி நகர்த்தக்கூடிய திறந்தவெளிப் பட்டியாகும்.

இது வெளியிலிருந்து வந்த புதுமையன்று. குஞ்சுகளுடன் கூடிய தாய்க்கோழியைக் கரப்பினால் மூடி, நிழலுக்கு ஏற்ப அக்கரப்பை இடம் மாற்றி வைப்பது ஊரில் வழக்கமாயுள்ளது. அக்கரப்பைப் பெரிதாக்கி எட்டுக் கோழிகளுக்குப் போதுமானதாக்கினால் கோழிப்பட்டி ஆகிவிடும்.

திரியும் கோழியும் அடைபட்ட கோழியும்

அவிழ்த்துவிட்ட கோழி தன் இரையைத் தானே தேடிக்கொள்ளும் என்பது உண்மையே. ஆனால் அது தேடும் இடம் பெரும்பாலும் நாற்றுமேடையாகவே இருக்கின்றது. புதிதாக நட்ட வெங்காயப் பாத்தியையும் கத்தரி நாற்றையும் ஒரு கோழி அரை மணி நேரத்தில் கிளறிப் பாழாக்கிவிடும். அயலவரின் பாத்தியைக் கிளறினால் வேலிச் சண்டை மூளும். முட்டையைப் பற்றைக்குள் இட்டால் அது சாரைப்பாம்புக்கு உணவாகும். நாயும் கீரியும் பருந்தும் கொண்டுபோவன வேறு. கோழியின் எச்சமோ பயிருக்கு உதவாமல் முற்றத்திலும் திண்ணையிலும் வீழ்கின்றது.

அடைபட்ட கோழிக்கு இவ்வபாயங்கள் குறைவு. ஆனால் அது உண்ணும் ஒவ்வொரு பிடி தீனும் காசு கொடுத்து வாங்கப்படுவது. முட்டையிடும் கோழி ஒன்று நாளொன்றுக்கு 110 முதல் 120 கிராம் வரை தீன் உண்ணும். சோளம் தட்டுப்பட்ட 2022ஆம் ஆண்டில், கடைத்தீனையே முழுதும் நம்பியிருந்த சிறு பண்ணையாளர் பலர் கோழிகளை விற்றுவிட நேர்ந்தது. அடுத்த ஆண்டு, 2023இல், இந்தியாவிலிருந்து முட்டை இறக்குமதி செய்யப்பட்டது. நிலமும் தவிடும் கீரையும் உள்ள கமக்காரர் கடை முட்டைக்குக் காத்திருப்பது பொருத்தமற்றது.

உரத்தின் கதையும் அத்தகையதே. 2021ஆம் ஆண்டு மே மாதத்தில் இரசாயன உர இறக்குமதி தடைசெய்யப்பட்டது. அவ்வாண்டு நவம்பரில் அத்தடை நீக்கப்பட்டது. ஆனால் அதற்குள் பெரும்போகம் தொடங்கிவிட்டது. அதன்பின் உரம் கிடைத்தபோதும் விலை எட்டாத உயரத்தில் இருந்தது. அக்காலத்தில் வளவிலுள்ள ஒவ்வொரு கூடை எருவின் பெறுமதியும் தெரியவந்தது. அந்த அறிவைக் கைவிடாதிருப்பதே விவேகம்.

பட்டியின் பயன் அது நகர்வதிலேயே உண்டு

நகரும் பட்டியைப் பற்றிப் பேசுவோர் பெரும்பாலும் அதன் செலவுக் குறைவையே புகழ்வர். செலவு குறைவது நன்று. ஆனால் அதனினும் முக்கியமானது பாரம் குறைவது. வீட்டிலுள்ள பெண்ணொருவர் வேறொருவரின் உதவியின்றிக் காலையில் நகர்த்தக்கூடிய பட்டி நாள்தோறும் நகரும். இருவர் சேர்ந்து தூக்கவேண்டிய பட்டி ஒரு கிழமை நகரும், பின் நின்றுவிடும். நகராத பட்டியோ கோழிக்கூட்டினும் கேடானது.

இதற்குக் காரணம் உண்டு. ஒரே நிலத்தில் நிற்கும் கோழிகள் இரண்டு நாளில் புல்லை அடியோடு தின்றுவிடும். மூன்றாம் நாள் முதல் அவை நிற்பது தம் எச்சத்தின் மேலேயே. இரத்தக்கழிச்சலை உண்டாக்கும் கொக்சீடியா என்னும் நுண்ணுயிர் எச்சத்துடன் வெளியேறி, ஈரமும் வெப்பமும் உள்ள மண்ணில் ஒன்றிரண்டு நாளில் நோயை உண்டாக்கும் நிலையை அடைகின்றது. நேற்று நின்ற இடத்தை இன்று விட்டு நீங்கும் கோழி அவ்வபாயத்திலிருந்து பெரிதும் தப்பும். எனவே, பட்டி அமைக்கும்போது ஒவ்வொரு கம்பையும் கையில் எடுத்து, “இதனிலும் இலேசானது உண்டா?” என்று கேட்டபின்னரே அதனைப் பொருத்துதல் வேண்டும்.

அமைக்கும் விதம்

எட்டுக் கோழிகளுக்கு 8 அடி நீளமும் 4 அடி அகலமும் 2 அடி உயரமும் உள்ள பட்டி போதுமானது. ஒரு கோழிக்கு 4 சதுர அடி கிடைக்கும். உயரத்தைக் கூட்டினால் பாரமும் கூடும், காற்றும் புரட்டிவிடும். எட்டுக்கு மேல் கோழிகள் இருப்பின் பட்டியைப் பெரிதாக்காமல் இன்னொரு பட்டி அமைப்பதே நன்று.

சட்டத்துக்கு மூங்கிலும் கமுகஞ் சலாகையும் ஏற்றவை. பனஞ்சலாகை உறுதியானதாயினும் பாரமானது. அதனை நிலையான கூட்டுக்கு ஒதுக்கலாம். நிலத்தைத் தொடும் நீளக் கம்புகள் இரண்டின் முனைகளையும் மேல்நோக்கிச் சாய்வாகச் சீவிவிட்டால், அவை மண்ணிற் குத்தாமல் வழுக்கிச் செல்லும். மூலைகளைக் கட்டுக்கம்பியால் இறுகக் கட்டி, ஒவ்வொரு மூலைக்கும் ஒரு குறுக்குச் சலாகை அறைந்தால் இழுக்கும்போது சட்டம் கோணாது. முன்புறத்தில் ஒரு கயிற்றுக் கைபிடி வேண்டும். ஒருவர் முன்முனையைச் சற்றே உயர்த்தி இழுக்கக்கூடியதாக இருப்பதே அளவு.

நான்கு பக்கத்துக்கும் 2 அடி அகலமான கம்பிவலை 24 அடி தேவை. காசு கொடுத்து வாங்க வேண்டியது பெரும்பாலும் இவ்வலையும் கட்டுக்கம்பியும் ஆணியுமே. கரையோரக் கிராமங்களில் பழைய மீன்வலை எளிதிற் கிடைக்கும். அதனைப் பட்டியின் மேற்புறத்துக்குப் பயன்படுத்தலாம். பருந்தையும் காகத்தையும் அது தடுக்கும். ஆனால் பக்கங்களுக்கு மீன்வலை உதவாது. கீரியும் நாயும் அதனைக் கடித்தறுத்துவிடும்.

மேற்புறத்தில் மூன்றில் ஒரு பங்கைக் கிடுகினால் அல்லது பனையோலையால் மூடுதல் அவசியம். கோழிக்கு வியர்வை இல்லை. உச்சி வெயிலில் நிழலற்ற தாழ்ந்த பட்டிக்குள் அகப்பட்டால் வாய்திறந்து இளைத்து மடியும். மாரியில் கிடுகின் மேல் பழைய உரப்பையைப் பிரித்துப் போட்டுக் கட்டினால் மழை ஒழுகாது. கிடுகின் கீழ் வைக்கோல் இட்ட கூடை இரண்டு வைத்தால் எட்டுக் கோழிகள் முட்டையிட அவை போதும். அம்முனையில் மேற்புறத்தையே கதவாக்கி, பழைய இரப்பர்த் துண்டைப் பிணைச்சலாக அறைந்தால், குனிந்து முட்டையை எடுக்கலாம். பாதியாகப் பிளந்த மூங்கிலைத் தீன்தொட்டியாகப் பக்கத்திற் கட்டிவிடலாம். தண்ணீர்ப் பாத்திரம் எப்போதும் நிழலில் இருத்தல் வேண்டும். ஒரு கோழி நாளொன்றுக்குக் கால் லீற்றர் வரை குடிக்கும். வெயிற் காலத்தில் அதற்கு மேலும் குடிக்கும்.

இப்பட்டி பகலுக்கு உரியது. மரநாய் இரவிலேயே வரும். அதனைத் தடுக்கும் உறுதி இலேசான பட்டிக்கு இல்லை. ஆகவே வீட்டருகே நிலத்திலிருந்து உயர்த்திய இராக்கூடு ஒன்று இருக்கவேண்டும். புதிய கோழிகளை முதற் கிழமை அக்கூட்டிலேயே அடைத்துப் பழக்கினால், பொழுது சாயும்போது பட்டியைத் திறந்துவிட அவை நேரே கூட்டை நாடும்.

எங்கே, எவ்வாறு நகர்த்துவது

காலையில் தீன் வைப்பதற்கு முன் பட்டியை நகர்த்துதல் நன்று. பசித்த கோழிகள் முன்னே வைக்கும் தீனை நோக்கித் தாமே நடந்து வரும். பின்கம்பில் கோழியின் கால் அகப்படாதபடி மெதுவாக இழுக்க வேண்டும். நிலம் மேடுபள்ளமாக இருப்பின் கம்பின் கீழுள்ள இடைவெளியைக் கல்லாலும் பொச்சுமட்டையாலும் அடைத்துவிடல் வேண்டும்.

ஒரு பரப்புக் காணி ஏக்கரில் பதினாறில் ஒரு பங்கு. அதாவது ஏறத்தாழ 2,720 சதுர அடி. பட்டி நிற்பது 32 சதுர அடி. நாளுக்கு ஓரிடமாக நகர்த்தினால் ஒரு பரப்பைச் சுற்றிவர 85 நாள் செல்லும். ஒரே இடத்துக்குப் பட்டி மீண்டு வருவதற்குள் புல் வளரும், எச்சம் உக்கும், நோய்க்கிருமிகளின் தொகையும் குறையும்.

பயிருள்ள பாத்தியில் பட்டிக்கு இடமில்லை. அறுவடை முடிந்து, மறுபயிருக்கு ஓய்ந்திருக்கும் பாத்தியே அதற்கு உரியது. அங்கே கோழிகள் களைவிதையையும் புழுவையும் கறையானையும் பொறுக்கித் தின்று, மேல்மண்ணைக் கிளறி, எச்சத்தையும் சேர்த்துவிடும். வீட்டுக்கு அண்மையிலுள்ள வயலாயின், அறுவடையின் பின் தாளிடையே சிந்திய நெல் சில நாட்களுக்குத் தீனாகும்.

இங்கு மூன்று எச்சரிக்கைகள் கவனிக்கற்பாலன. முதலாவது, கோழி எச்சத்தில் சல்மனெல்லாக் கிருமி இருத்தல் கூடும். ஆகையால், கீரை, கரட், வெங்காயம் போன்று மண்ணைத் தொடும் விளைவுகளைப் பட்டி நீங்கி 120 நாள் கழிந்த பின்னரே பறித்தல் வேண்டும். மண்ணைத் தொடாத கத்தரி, வெண்டி போன்றவற்றுக்கு 90 நாள் போதும். இரண்டாவது, பூச்சிநாசினி தெளித்த பாத்தியில் கோழிகளை விடலாகாது. செத்த பூச்சியைத் தின்னும் கோழியும், அதன் முட்டையை உண்ணும் பிள்ளையும் அந்நஞ்சுக்கு ஆளாகலாம். மூன்றாவது, கிணற்றடியிற் பட்டி நிற்கலாகாது. யாழ்ப்பாணக் குடாநாட்டின் சுண்ணாம்புக்கல் நிலத்தில் எருவின் நைதரசன் எளிதிற் கீழிறங்கும். அங்குள்ள கிணறுகள் பலவற்றில் நைத்திரேற்று ஏற்கெனவே மிகுந்துள்ளது. எருவை ஓரிடத்திற் குவிக்காமல் பரப்பிவிடுவது இந்நகரும் பட்டியின் நற்குணம். அக்குணத்தைக் கிணற்றருகே நிறுத்திக் கெடுத்துவிடக் கூடாது.

எதிர்பார்க்கத் தகாதவை

நகரும் பட்டி வேண்டிய உரம் முழுவதையும் தந்துவிடும் என்று எவராவது கூறின் அது மிகைக் கூற்று. ஒரு கோழியின் எச்சம் நாளொன்றுக்கு ஏறத்தாழ 100 கிராம். அதிற் பாதி இரவில் கூட்டில் வீழும். எட்டுக் கோழிகள் 85 நாளில் ஒரு பரப்பில் இடுவது 34 கிலோ அளவினதே. அதிலுள்ள நைதரசன் ஒரு கிலோ யூரியாவில் உள்ளதை ஒத்தது. நெல்வயலுக்கு இது சிறிய உதவி. ஆனால் யூரியாவில் இல்லாத பொசுபரசும் பொற்றாசியமும் சேதனப் பொருளும் இதில் உண்டு. நாற்றுமேடைக்கும் சில மரக்கறிப் பாத்திகளுக்கும் இது பெரிதும் பயன் தரும். இராக்கூட்டின் கீழ் சேரும் மறுபாதியையும் வைக்கோலுடன் கலந்து உக்கவைத்தால் பயன் இரட்டிக்கும்.

அவ்வாறே, புல்லும் புழுவும் தீன் முழுவதையும் தந்துவிடா. தீனிற் சிறிதளவே மிச்சமாகும். குறுணல், தவிடு, தேங்காய்ப் புண்ணாக்கு, சிப்பி நொருக்கல் ஆகியவை தொடர்ந்து வேண்டும். ரணிக்கெற் நோய்க்குப் பட்டி மருந்தாகாது. கால்நடை வைத்தியரின் அறிவுரைப்படி உரிய காலத்தில் தடுப்பூசி போட்டேயாக வேண்டும். ஐப்பசி, கார்த்திகை மழையில் தாழ்நிலம் நீர் தேங்கி நிற்கும்போது, கோழிகளை இராக்கூட்டிலேயே காய்ந்த வைக்கோல் இட்டு வைத்திருப்பது நன்று.

இவ்வளவையும் அறிந்த பின்னும் பட்டியை விரும்புவதற்கு நியாயம் உண்டு. நாற்றுமேடை தப்புகின்றது. அயலவருடன் மனத்தாங்கல் ஒழிகின்றது. முட்டை பற்றைக்குப் போகாமல் கூடைக்கு வருகின்றது. அம்முட்டையிற் பிள்ளைகளின் கோப்பைக்குப் போக எஞ்சியது சந்தையில் விலையாகி, வீட்டுப் பெண்ணின் கையிற் பணமாகின்றது. இவற்றுக்கு ஈடாக அவர் கொடுப்பது காலையில் ஐந்து நிமிட வேலை.

அந்த ஐந்து நிமிடம் நாள் தவறாது கிடைக்குமாயின் மாத்திரமே பட்டி கட்டுதல் வேண்டும். கிடையாதெனின் வலைக்குக் காசு செலவிடாதிருப்பதே மேல். வரும் சிறுபோகத்தில் ஓய்ந்திருக்கும் ஒரு பாத்தியில், நான்கு கோழிகளுக்கு அரைப்பங்கு அளவான சிறிய பட்டி ஒன்றை அமைத்து ஒரு மாதம் நகர்த்திப் பார்க்கலாம். பட்டி நின்று நீங்கிய பாத்தியையும் அது நில்லாத பாத்தியையும் அடுத்த பயிரின்போது அருகருகே பார்க்கும் கமக்காரருக்கு மேலும் அறிவுரை வேண்டியிராது.