பணம் அனுப்பினால் கடமை முடிந்ததா?

சகோதரர்களே! நமது கடற்கரை ஊர் எதிலாவது லுஹர் தொழுகை முடிந்து ஒரு தெருவில் நடந்து பாருங்கள். தேக்குக் கதவு போட்ட பெரிய வீடுகள். உள்ளே போனால் ஒரே ஒரு உயிர். எழுபத்தைந்து வயது உம்மா. மூத்த மகன் துபாயில், அடுத்தவர் கோலாலம்பூரில், இளையவர் மண்ணடியில் மொத்த வியாபாரம். மாதம் பிறந்தால் பணம் வந்துவிடுகிறது. வெள்ளிக்கிழமை தவறாமல் செல்போனில் முகம் பார்த்துப் பேசுகிறார்கள். எதற்கும் குறைவில்லை. இரவில் கழிப்பறைக்கு எழுந்தவர் வழுக்கி விழுந்தால் கை கொடுத்துத் தூக்கத்தான் ஆளில்லை!

இது ஏதோ ஓர் ஊரின் கதை என்று எண்ணிவிடாதீர்கள். உள்நாட்டு ஊர்களில் அம்மா என்றும் அத்தா என்றும் அழைப்பார்கள், நிலைமை ஒன்றுதான். 2011 மக்கள் தொகைக் கணக்கெடுப்பிலேயே தமிழகத்தில் அறுபது வயதைக் கடந்தவர்கள் நூற்றுக்குப் பத்துப் பேருக்கு மேல். நாட்டுச் சராசரியோ ஒன்பதைத் தொடவில்லை. பிள்ளைகளைச் சபுருக்கு அனுப்பியே பழகிய நமது சமுதாயத்தில் இந்தச் சுமை இன்னும் கனமாக இறங்கும் என்பதைச் சொல்லவா வேண்டும்?

காயல்பட்டினம், கீழக்கரை போன்ற ஊர்களில் மகளுக்கு வீடு கொடுத்து, மாப்பிள்ளையை அந்த வீட்டுக்கே அழைத்துக்கொள்வது பழைய வழக்கம். அந்த வழக்கத்தைப் பற்றி வேறு என்ன குறை சொன்னாலும், மகளைப் பெற்ற தாய்க்குக் கடைசிக் காலத்தில் மகள் கையால் கஞ்சி கிடைத்தது. ஆண் பிள்ளைகளை மட்டுமே பெற்றவரின் நிலை என்ன? நான்கு மகன்கள், நான்கு மாமியார் வீடுகள். பெற்ற தாய் தனியே! இப்போது மகளும் கணவருடன் வெளிநாட்டுக்குக் குடி போய்விடுகிறார். பழைய ஏற்பாடு குலைந்துவிட்டது. புதிய ஏற்பாட்டை நாம் இன்னும் செய்யவில்லை.

"உம்மா நன்றாகத்தான் இருக்கிறார், கேட்டால் ஒன்றுமில்லை என்கிறார்" என்பீர்கள். எந்தத் தாய் பிள்ளையிடம் தன் தள்ளாமையைச் சொல்லியிருக்கிறார்? அடுத்த முறை ஊருக்கு வரும்போது நீங்களே கண் திறந்து பாருங்கள். அடுப்பில் பால் பொங்கிக் கருகிய பாத்திரம் எத்தனை? சர்க்கரை மாத்திரை காலையில் ஒன்று போட்டு, மறந்து மறுபடியும் ஒன்று போடுகிறாரா? ஒளூச் செய்யும் இடத்தில் பிடித்துக்கொள்ளக் கம்பி உண்டா? பக்கத்துத் தெருவுக்குப் போய் வீடு திரும்ப வழி தெரியாமல் நின்றார் என்று யாராவது சொன்னால், வயதானால் அப்படித்தான் என்று தள்ளிவிடாதீர்கள். அது மறதி நோயின் தொடக்கமாக இருக்கலாம். மருத்துவரிடம் காட்ட வேண்டும்.

ரமளானை நினைத்தால் இன்னும் கவலை. நோய்வாய்ப்பட்ட முதியவர்களுக்கு மார்க்கமே சலுகை தந்திருக்கிறது. முடியாதவர் நோன்பை விட்டு ஃபித்யா கொடுக்கலாம். ஆனால் தனியே இருக்கும் உம்மாவிடம் இதை எடுத்துச் சொல்ல யார் இருக்கிறார்கள்? ஸஹரில் பெயருக்கு இரண்டு வாய் சாப்பிட்டு, மாத்திரையை வழக்கம்போலப் போட்டுக்கொள்கிறார். பகலில் சர்க்கரை இறங்கி மயங்கி விழுந்தால், இஃப்தாருக்குக் கஞ்சி கொண்டு வரும் பக்கத்து வீட்டுப் பிள்ளை கதவைத் தட்டும் வரை தெரியாது.

வணிகப் பெருமக்களே! உங்கள் மொழியிலேயே கேட்கிறோம். பத்து நாள் வெளியூர் போனால் கடைச் சாவி யாரிடம், கல்லாவில் யார், கொள்முதலை யார் பார்ப்பது என்று முன்கூட்டியே பேசி வைக்கிறீர்களா இல்லையா? பங்காளிகளுக்குள் யாருக்கு எவ்வளவு பொறுப்பு என்று எழுத்தில் வைக்கிறீர்களா இல்லையா? பெற்ற தாய்க்கு மட்டும் ஏன் எழுத்துமில்லை, பேச்சுமில்லை? உடன்பிறந்தவர்கள் ஒருநாள் உட்கார்ந்து மஷூரா செய்யுங்கள். ஊருக்கு வர முடியாதவர் போனில் சேர்ந்துகொள்ளட்டும். முக்கியமாக, உம்மாவையும் வைத்துக்கொண்டு பேசுங்கள். அவரை அடுத்த அறையில் உட்கார வைத்துவிட்டு அவரைப் பற்றி முடிவெடுக்காதீர்கள்.

பணம் தருபவர், பக்கத்தில் இருந்து பார்ப்பவர் இருவரையும் ஒரே கணக்கில் சேர்க்க வேண்டும். இங்கேதான் சண்டை வருகிறது. வெளிநாட்டில் இருப்பவர், "நான்தானே அனுப்புகிறேன்" என்கிறார். ஊரில் இருக்கும் தங்கையோ நான்கு வருடமாக ஒரு கல்யாணத்துக்குக் கூடப் போகவில்லை. அவருக்கு மாதம் நான்கு நாளாவது ஓய்வு கிடைக்கும்படி ஆள் வைப்பது அண்ணனின் கடமை இல்லையா? உம்மாவை மாதம் ஒரு வீடு என்று பார்சல் போல மாற்றிக்கொண்டே இருப்பதும் தீர்வல்ல. மறதி நோய் உள்ளவருக்கு இடம் மாறினாலே தடுமாற்றம் கூடும். ஊரை விட்டு வர மாட்டேன் என்பவரை மண்ணடியில் மூன்றாவது மாடியில் அடைத்து வைப்பதைவிட, ஊரிலேயே இரவு தங்க நம்பிக்கையான ஒரு பெண்ணை வைத்து, பகலில் உறவினர் ஒருவர் வந்து பார்க்கும்படி செய்வது எவ்வளவோ மேல். தூக்கி உட்கார வைத்துக் குளிப்பாட்ட வேண்டிய நிலை வந்துவிட்டால் அது போதாது. பிள்ளைகளில் ஒருவர் வந்தே ஆக வேண்டும்.

இன்னொன்றையும் மனம் நோகாமல் கேளுங்கள். "உம்மாவைப் பார்த்துக்கொள்ள ஒரு பெண் வேண்டும்" என்று சொல்லித் திருமணம் முடித்து, நாற்பதாம் நாள் விமானம் ஏறிவிடும் இளைஞர்கள் நம்மில் இருக்கிறார்கள். பெற்றோரைப் பேணும் கடமை பிள்ளைகள் மீதுதான். மருமகள் செய்தால் அது அவரது நல்ல மனம். அதற்கு நன்றி சொல்லுங்கள், கூலியில்லாத நர்ஸாக நினைக்காதீர்கள்.

திருக்குர்ஆனின் 17வது அத்தியாயம் 23வது வசனத்தை மேடைதோறும் கேட்கிறோம். பெற்றோரைப் பார்த்துச் 'சீ' என்று கூடச் சொல்லக்கூடாது என்பது நமக்கு மனப்பாடம். ஆனால் அந்த வசனம் பெற்றோர் பிள்ளையின் அருகில் இருந்து முதுமை அடைவதைப் பற்றியல்லவா பேசுகிறது! பெற்றோருக்கு ஜகாத் கொடுத்தால் கூடாது என்ற சட்டத்தையும் யோசித்துப் பாருங்கள். வசதியுள்ள பிள்ளை தேவையுள்ள பெற்றோருக்குச் செய்வது தர்மமே அல்ல, அவன் மீதுள்ள கடன்.

நாட்டுச் சட்டமும் இதைத்தான் சொல்கிறது. 2007ஆம் ஆண்டின் பெற்றோர், மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டம் எல்லா மதத்தவருக்கும் பொது. வருவாய்க் கோட்டாட்சியர் தலைமையிலான தீர்ப்பாயத்தில் மனு கொடுக்கலாம். மகன் மட்டுமல்ல, மகளும் பொறுப்பு. முதியவரால் முடியாவிட்டால் அவர் அனுமதித்த ஒருவரோ, பதிவு பெற்ற அமைப்போ அவருக்காக மனுச் செய்யலாம். மாதம் அதிகபட்சம் 10,000 ரூபாய் என்று அந்தச் சட்டம் வரம்பு கட்டியிருக்கிறது. இரவும் பகலும் உடனிருக்கும் ஆளுக்கு இன்றைக்கு இது எந்த மூலைக்கு? இந்த வரம்பை உயர்த்தும்படி நமது மக்கள் பிரதிநிதிகள் சட்டமன்றத்திலும் நாடாளுமன்றத்திலும் குரல் கொடுக்க வேண்டும்.

பெரியவர்களுக்கும் ஒரு வார்த்தை. இருக்கும் வீட்டை அவசரப்பட்டு யார் பெயருக்கும் எழுதிவிடாதீர்கள். எழுதியே ஆக வேண்டுமென்றால், கடைசிவரை பராமரிக்க வேண்டும் என்ற நிபந்தனையைப் பத்திரத்திலேயே சேருங்கள். அந்த நிபந்தனையைக் காட்ட முடியாவிட்டால் 23வது பிரிவின்படி பத்திரத்தை ரத்து செய்ய முடியாது என்று 2022ல் உச்ச நீதிமன்றம் ஒரு வழக்கில் கூறிவிட்டது. வாய்மொழி ஹிபாவை நம்பி ஏமாந்தால் தீர்ப்பாயத்தில் எதைக் காட்டுவது?

ஜமாஅத் நிர்வாகிகள் திருமணப் பதிவேடும் கபுர்ஸ்தான் கணக்கும் வைத்திருக்கிறார்கள். மஹல்லாவில் தனியே இருக்கும் முதியவர்களின் பட்டியல் எத்தனை பள்ளிவாசலில் இருக்கிறது? நமது மய்யித்தைத் தாமதமின்றி அடக்குகிறோம். சபுரில் இருக்கும் மகன் எத்தனை ஆயிரம் கொடுத்து டிக்கெட் எடுத்தாலும் பல நேரம் முகம் பார்க்கக் கிடைப்பதில்லை. அந்த டிக்கெட்டை ஆறு மாதம் முன்பே எடுத்திருக்கலாமே!

இளைஞர்களே, வரும் ஜும்ஆ முடிந்ததும் நாலு பேர் சேர்ந்து தெருத் தெருவாக அந்தப் பட்டியலை எடுங்கள். எந்த வீட்டில் யார், பிள்ளைகளின் போன் எண் என்ன, என்ன மாத்திரை, மாற்றுச் சாவி யாரிடம் என்பது வரை எழுதுங்கள். பெண்கள் இருக்கும் வீட்டுக்கு உங்கள் சகோதரிகள் போகட்டும். 2021ல் தமிழக அரசு தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் சர்க்கரை, ரத்த அழுத்த மாத்திரைகளை வீட்டுக்கே கொண்டு வந்து தருகிறார்கள். படுக்கையில் இருப்பவர்களுக்கு வலிநிவாரணப் பராமரிப்பும் உண்டு. விடுபட்டவர்களை ஆரம்ப சுகாதார நிலையத்தில் சொல்லிச் சேர்த்து விடுங்கள். முதியோர் உதவி எண் 14567ஐப் பெரிய எழுத்தில் எழுதிப் போனுக்குப் பக்கத்தில் ஒட்டுங்கள். கழிப்பறையில் கைப்பிடிக் கம்பி போட்டுத்தரும் செலவைப் பைத்துல்மால் ஏற்கலாம். வசதியுள்ள வீடாக இருந்தால் மகனுக்கு ஒரு போன் போட்டாலே பணம் வந்துவிடும். ரமளானுக்கு முன் இது முடிந்தால் நல்லது.